பதினாலாவது கட்டம்

மில் கேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டரை மணி. சித்திரை வெயில். ரெட்டியார்சத்திரம் தாண்டி இடப்பக்கம் பிரியும் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. முதுகில் பை, பைக்குள் ஸ்குரூ டிரைவர், தூசி ஊதும் பிளோயர், இரண்டு மூன்று பழைய கார்டுகள். கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு போட்டிருந்தாலும் என் பிழைப்பில் பாதி தூசி ஊதுவதுதான். ஸ்பின்னிங் மில்லில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தால் ஆறே மாதத்தில் அதன் வயிற்றுக்குள் பஞ்சு மெத்தை விரிந்துவிடும்.

இது 2005இல் நடந்தது.

கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தியதும் எழுந்து வந்தது.

"அப்பு, நீதான் கம்ப்யூட்டரு பாக்க வாரவனா?"

ஆமாம் என்றேன். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து எட்டுத் தாள்களை எடுத்து நீட்டியது. எட்டிலும் ஒரே படம். சாம்பல் நிறத்தில் நீளமான ஹால், வரிசையாக மிஷின்கள், ஒரு ஆள்கூட இல்லை. கீழே மட்டும் மணி மாறியிருந்தது. மூன்று நாற்பது, மூன்று ஐம்பது, நாலு மணி. அப்படியே பத்துப் பத்து நிமிஷமாக நாலு ஐம்பது வரைக்கும்.

"இதுல எம்மக இல்லவே இல்லைங்கறாக. எனக்குக் கண்ணு சரியில்ல. நீ உள்ள போயி அந்தப் பொட்டிக்குள்ள நல்லாத் தேடிப் பாத்துச் சொல்லு சாமி. ஜடை நீளமா இருக்கும். இடுப்புக்குக் கீழ தொங்கும்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான்.

அந்த அம்மா பேர் முத்துப்பேச்சி. நத்தம் பக்கம் புளியந்தோப்பில் புளி உடைக்கிற கூலி. மகள் தமிழ்மதிக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஹாஸ்டலில் அடைத்த நூறு பிள்ளைகளில் ஒருத்தி. பதினாறு நாளைக்கு முன்னால் செத்துப்போனாள். யாரோ ஒருத்தனோடு பழக்கமாம், அவன் ஏமாற்றிவிட்டானாம், அதனால் ஹாஸ்டல் மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டாளாம். மில்லில் இப்படித்தான் சொன்னார்கள். பிள்ளையின் பின்னந்தலையில் தோலே இல்லை என்பதைக் குளிப்பாட்டும்போது அந்த அம்மா கையால் தடவிப் பார்த்திருக்கிறது. படியில் விழுந்தால் தோல் உரியுமா என்று கேட்டதற்குப் பதிலாகத்தான் இந்த எட்டுத் தாள். உன் மகள் அந்த நேரத்தில் மிஷின் பக்கமே போகவில்லை, பார் என்று.

செக்யூரிட்டி ரூமில் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் இருந்தார். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த ஆள். ஐம்பத்தைந்து வயது, தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. தை மாதம்தான் இந்த வேலைக்கு வந்தார்.

"ஏலே ராயப்பா, வா. ஒன் பொட்டிக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பலை கொண்டாந்தியா?"

ரூம் சின்னது. கேட் பக்கம் பார்த்து ஒரே ஒரு கண்ணாடி. அடுத்த சுவருக்கு அந்தப்புறம் பேனல் ரூம், மில்லின் மெயின் சுவிட்ச் எல்லாம் அங்கேதான். அதன் உறுமல் சுவர் வழியாக நாற்காலிக்குள் இறங்கி நம் முதுகெலும்பில் ஓடும். எண்ணெய் வாசம், பஞ்சுத் தூசி வாசம், வெந்த ஒயர் வாசம். மேஜைமேல் மானிட்டர். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம்.

கடைசி வரிசையில் இரண்டாவது கட்டத்தைக் காட்டினார். பதினாலாவது. பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்கிற கார்டிங் ஹால். மூன்றாவது மிஷினுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை.

"நாலு நாளா இருக்கு. மொதல்ல பொட்டு மாதிரி இருந்துச்சு. ஒயரு லூசா இருக்கும்னு மேனேஜரு சொல்றாரு."

ஒயர் லூசாக இருக்க வழியில்லை.

ஏனென்றால் அந்தக் கட்டத்துக்கு ஒயரே கிடையாது.

விஷயம் இதுதான். திரையில் ஒரு படம் தெரிய வேண்டுமென்றால் அதை முதலில் கம்ப்யூட்டருக்குள் ஓரிடத்தில் விரித்து வைக்க வேண்டும், களத்தில் நெல்லை விரிப்பது மாதிரி. களம் எவ்வளவோ அவ்வளவு நெல்தான். அந்தக் களத்துக்குப் பேர் கிராபிக்ஸ் மெமரி. நல்ல கம்ப்யூட்டரில் அதற்கென்று தனி கார்டு இருக்கும். மில்லில் வாங்கிப் போட்ட மலிவுப் பெட்டியில் கிடையாது. பொது மெமரியிலிருந்து எட்டு எம்.பி. பிய்த்துப் படத்துக்குக் கொடுத்திருப்பார்கள். அதற்குமேல் தர மாட்டேன் என்று மறித்து நிற்பது டிரைவர். விண்டோஸுக்கும் படத்துக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற புரோகிராம் அது, மேஸ்திரி மாதிரி. உள்ளே இருநூற்றைம்பது எம்.பி. சும்மா கிடக்கட்டும், இந்த மேஸ்திரி எட்டுக்குமேல் அளக்க மாட்டான்.

போன வருஷம் ஜூன் மாதம் பதினாறு கேமரா மாட்டினேன். பன்னிரண்டு படம் விரிந்ததும் களம் நிறைந்துபோனது. பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை கறுப்பு. எது முதல், எது கடைசி என்று வரிசை எழுதிக் கொடுத்தவர் மேனேஜர். கேட், எடைமேடை, பஞ்சுக் குடோன், நூல் குடோன், முதலாளி கார் நிறுத்துகிற போர்டிகோ. டீசல் டேங்குக்கு ஒன்பதாவது இடம். கார்டிங் ஹால், கழிவுப் பஞ்சுச் சந்து, ஹாஸ்டல் படி, பிள்ளைகள் வேலை பார்க்கிற, நடக்கிற இடமெல்லாம் கடைசி நாலில். யாராவது மிஷினில் மாட்டினால் செக்யூரிட்டி பார்த்து உடனே மெயினை அணைக்கலாம், அதற்குத்தான் கேமரா என்று முதலாளி மேடை போட்டுப் பேசினார். அப்படி மாட்டக்கூடிய இடம் எல்லாமே களத்துக்கு வெளியே கிடந்தது.

தனி கார்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும் என்றேன். அப்புறம் பார்க்கலாம், நாளைக் காலையில் முதலாளி வருகிறார், பதினாறும் தெரியணும், என்னமோ செய் என்றார்.

செய்தேன். அன்றைக்கு ஞாயிறு, மில்லுக்கு லீவு. அந்த நாலு கேமராவையும் ஒவ்வொன்றாக முதல் கேமரா இடத்தில் செருகி ஆளுக்கொரு போட்டோ எடுத்தேன். நாலு போட்டோவையும் நாலு கறுப்புக் கட்டத்தின்மேல் ஒட்டினேன். கட்டத்துக்குக் கீழே ஓடுகிற மணியை சாப்ட்வேர் தானாகவே போடும், படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். படம் செத்துக் கிடந்தது, மணி ஓடியது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஆள் நடமாட்டம் குறைந்த அமைதியான ஹால். முதலாளி வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பத்து மாதம் ஆகிவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் இதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சாப்ட்வேர் திரையை அப்படியே பிடித்துச் சேமித்து வைக்கும். அந்தப் படங்களைத்தான் தாளில் அடித்து ஒரு தாய் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"அந்தம்மா தெனமும் மொத பஸ்ஸுல வந்துருது," என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "நான் என்ன செய்ய முடியும்? அன்னைக்கு நான் இந்தச் சேரைவிட்டு எந்திரிக்கல. கார்டிங் ஹாலையும்தான் பாத்தேன். மாதா சத்தியமா அங்க யாரும் இல்லன்னு அந்தம்மா தலையில கைவச்சுச் சொன்னேன்."

நான் குனிந்து கீபோர்டைப் பார்த்தேன்.

ஒட்டிய போட்டோவில் கறை விழ முடியாது. அந்தப் பைலைத் தனியாகத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தேதி போன ஜூன், அளவு மாறவில்லை. மூடிவிட்டுக் கட்டத்தைப் பார்த்தேன். கறை இருந்தது.

பழைய படத்தின் மிச்சமாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அப்படி நடப்பது உண்டு. ஒரு படம் போன பிறகு அந்த இடத்தைத் துடைக்காமலே அடுத்த படத்தை விரிப்பான் டிரைவர். முன்னால் இருந்தது கிழிந்த துணி மாதிரி ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பல இடத்தில் பார்த்திருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மிச்சம் இருக்க வேண்டுமென்றால் முதலில் படம் உள்ளே வந்திருக்க வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். பதினாலாம் நம்பர் ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் பத்து மாதத் தூசி. ஆள் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் கார்டிங் ஹாலிலிருந்து ஒரு பொட்டுப் படம் இந்தப் பெட்டிக்குள் நுழைந்தது கிடையாது.

பெட்டியை அணைத்து மூடியைக் கழற்றினேன். பஞ்சு இருக்கும் என்று பிளோயரைக் கையில் எடுத்தேன்.

பஞ்சு இல்லை.

நடுவில் இருக்கிற சின்னக் காற்றாடியின் அச்சில் முடி சுற்றியிருந்தது. நீளமான கறுப்பு முடி. நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது. இன்னும் இழுத்தேன். இரண்டு முழம். வந்துகொண்டே இருந்தது. தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. கடைசியில் ஏதோ தடுக்கி நின்றது. விட்டுவிட்டேன்.

விட்டதும் முடி உள்ளே போனது.

காற்றாடி ஓடவில்லை. கரண்ட்டே இல்லை. ஆனாலும் யாரோ அந்தப் பக்கமிருந்து மெதுவாக இழுத்துக்கொள்வதுபோல இரண்டு முழமும் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது.

"என்னாலே அது," என்றார் அண்ணன், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு. அந்த ரூமுக்குள் பொம்பளை யாரும் வந்ததே இல்லை.

மூடியை மாட்டி மறுபடி ஆன் செய்தேன். பதினாறு கட்டமும் ஒவ்வொன்றாக வந்தது. பதினாலு வந்தபோது கறை விரல் அளவில் இல்லை. இடுப்பு தெரிந்தது. மிஷினுக்குள் குனிந்து நிற்கிற உடம்பு. தலைக்கு முன்னால் ஜடை, இறுகக் கட்டிய கயிறு மாதிரி விறைப்பாக மிஷினுக்குள் போயிருந்தது.

அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். சலவைச் சட்டை, கையில் ஒரு பைல். திரையைப் பார்க்கவே இல்லை. நாளைக்கு விசாரணைக்கு ஆள் வருகிறது, சர்வீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்றார். பதினாறு கேமராவும் ஜூன் மாதத்திலிருந்து பழுதில்லாமல் ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதி போன மாதம். உனக்குத் தேவையென்றால் அந்தக் கார்டையும் இப்போது போட்டுக்கொள் என்றார்.

ஒரு பிள்ளை செத்த பிறகு கார்டு கிடைக்கிறது. எங்கப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். சுண்ணாம்பு அரித்து அவர் கால் விரலில் நகம் கிடையாது. வேலைக்கு வரும்போதே நகம் இல்லாமல்தான் வந்தார் என்று அவருடைய ஓனர் எழுதி வாங்கினான். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அப்பாவோடு தொட்டியில் நின்ற ஒருத்தன். அவன் பேரைச் சொல்லித்தான் என் வீட்டில் சோறு பிசைகிற நேரத்தில் திட்டுவார்கள். இப்போது பேனா என் கையில்.

அந்தம்மாவிடம் கொடுத்த படம் போட்டோ என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஒட்டுனது யாரு தம்பி?" என்றார். "நான் சொன்னேன்னு எழுத்துல இருக்கா? திண்டுக்கல் சுத்தி எத்தன மில்லு இருக்கு, எண்ணிப் பாத்துக்க. ஒரு போன் போட்டா ஒனக்கு ஒரு கேட்டும் தொறக்காது. அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் என் டேபிள்ல இருக்கணும்."

போய்விட்டார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் போட்டோ என்கிறாய் என்று கேட்டார். பைக்குள் எதையோ தேடினேன்.

உண்மையைச் சொல்கிறேன். நான் ரிப்போர்ட்டை எழுதினேன். பதினாறும் பழுதில்லை என்று எழுதினேன். பேனா நுனி கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டது.

அப்போது அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

கட்டத்தில் உடம்பு இல்லை. மூன்றாவது மிஷின் பக்கம் காலியாக இருந்தது.

பன்னிரண்டாவது கட்டத்தில் நின்றாள்.

அது ஒயர் இருக்கிற, உயிரோடு ஓடுகிற கட்டம். ஆபீஸ் வராந்தா. நடந்துகொண்டிருந்த பியூன் ஒரு காலைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றுபோனான். மணி மட்டும் கீழே ஓடியது. பக்கத்துக் கட்டம் நின்றது. டீசல் டேங்க் நின்றது. நூல் குடோனில் மூட்டை தூக்கியவன் மூட்டையோடு நின்றான். அவள் போகிற கட்டமெல்லாம் ஒட்டிய போட்டோ ஆகிக்கொண்டிருந்தது. நான் செய்ததை அவள் எனக்கே செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக முதல் கட்டம். கேட். வேப்பமரத்தடியில் முத்துப்பேச்சி அம்மா, மதில்மேல் ஒரு காக்கா. அம்மாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற மாதிரி, அவள்.

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். காக்கா பறந்துபோனது. அந்த அம்மா தனியாக உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. திரையில் காக்கா அசையவில்லை.

"ராயப்பா," அண்ணன் கிசுகிசுத்தார், "அந்தப் பிள்ளை நம்மளத்தான் பாக்குது."

முகம் திரும்பியிருந்தது. முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். களத்தை மாற்ற வேண்டும். தனி கார்டு போட்டால் அந்த எட்டு எம்.பி.யை யாரும் தொடப் போவதில்லை. புதுக் களம், முப்பத்திரண்டு எம்.பி. பழையதில் கிடக்கிறவள் பழையதோடு போய்விடுவாள். அவளை அழிக்கத்தான் பையிலிருந்து கார்டை எடுத்தேன். நல்ல எண்ணம் எதுவும் கிடையாது.

பெட்டியை அணைத்தேன். உள்ளே பார்க்காமல் கையை விட்டுக் கார்டைச் செருகினேன். முடி புறங்கையில் உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தொங்கிய நாலு ஒயரையும் சட்டையில் துடைத்து மாட்டினேன். ஆன் செய்து சி.டி.யைப் போட்டுப் புது டிரைவரை ஏற்றினேன். மறுபடி ஆப், மறுபடி ஆன். நான் ஒட்டிய நாலு போட்டோவையும் அழித்தேன்.

ஒன்று வந்தது. இரண்டு வந்தது. பன்னிரண்டு வரை சுத்தமாக ஓடியது, யாரும் இல்லை. பெருமூச்சு விட்டேன்.

பதின்மூன்று.

பதினாலு.

பத்து மாதத்தில் முதல்முறையாகக் கார்டிங் ஹால் உயிரோடு தெரிந்தது. அதே மூன்றாவது மிஷின். கழுவித் துடைத்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் குனிந்து, ஓடுகிற மிஷினிலிருந்து கையால் பஞ்சை வழித்துக்கொண்டிருந்தாள் ஒரு பிள்ளை. பதினாறு நாள்தான் ஆகிறது. அதே இடத்தில் அடுத்த பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். மிஷினை நிறுத்தித் துடைத்தால் நூல் குறையுமாம்.

ஜடை முன்பக்கம் சரிந்தது.

நாங்கள் பார்க்கப் பார்க்க மிஷின் அதைக் கவ்வியது.

"மெயினு," என்று கத்தினேனா, வாய் மட்டும் அசைந்ததா, தெரியாது. ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பேனல் ரூம் கதவு சுவரில் மோதியது. மூன்று நொடியோ நாலு நொடியோ. அந்த நொடிகளில் நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளையின் தலை மிஷினுக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. பாதி ஜடை உள்ளே, மீதி ஜடை வெளியே, நடுவில் தலை அசையாமல் நின்றது. பின்னாலிருந்து இரண்டு கை அந்த ஜடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கைக்கு மேலே கறை.

மில் நின்றது.

அந்த மில் நின்று நான் கேட்டது அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள், போட்டோ எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை. காது அடைத்துக்கொண்டது. யூ.பி.எஸ். புண்ணியத்தில் திரை மட்டும் ஓடியது. இருட்டிய ஹாலில் ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தது. கை எதுவும் இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து ஹாலிலிருந்து இரண்டு பொம்பளைகள் ஓடிவந்து கத்தியால் ஜடையை அறுத்துவிட்டிருந்தார்கள். பிள்ளை பேர் ஏஞ்சலின். பதினேழு இருக்கும். அழவில்லை. சுற்றிச் சுற்றித் தேடியது.

"எனக்குப் பின்னாடி நின்ன அக்கா எங்க?" என்றது. "விடாமப் பிடிச்சுக்கிட்டாங்க. கையி சில்லுனு இருந்துச்சு."

அந்த ஷிப்ட்டில் ஹாலுக்கு ஒரே ஆள்தான். பொம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல அழ ஆரம்பித்தாள். தமிழ்மதி செத்தது இந்த மிஷினில்தான், ஹாஸ்டல் படிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது எங்களை வைத்துத்தான், சொன்னால் ஊருக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள், இருபது நிமிஷம் அவள் இதில் கிடந்தாள், யாரும் வந்து அணைக்கவில்லை என்று சொன்னாள்.

இருபது நிமிஷம்.

என் பின்னால் அண்ணன் நின்றார். நான் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு எம்.பி., நாலு கறுப்புக் கட்டம், ஒட்டிய போட்டோ, ஓடிய மணி. முழுக்கக் கேட்டார். பிறகு ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது.

"எம் மாதா சத்தியத்தையும் பொய்யாக்கிட்டியேடா."

மேனேஜர் எதிரே வந்துகொண்டிருந்தார். மில்லை எவன் நிறுத்தினான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. நான் அவரைத் தாண்டிப் போனேன். ரிப்போர்ட் மேஜைமேல் கிடந்தது. பின்பக்கம் திருப்பி எழுதினேன். பதின்மூன்று முதல் பதினாறு வரையுள்ள கேமராக்கள் இன்று மாலை நாலரை மணி வரைக்கும் இணைக்கப்படவே இல்லை. அந்தக் கட்டங்களில் தெரிந்தது ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த போட்டோ. மேனேஜர் சொல்லி நான் ஒட்டினேன். கையெழுத்து, தேதி, நேரம், என் விலாசம்.

கேட்டுக்கு வெளியே போய் அந்த அம்மா முன்னால் நின்று அதைப் படித்துக் காட்டினேன். அது அழவில்லை. எட்டுத் தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது.

"அப்ப இம்புட்டு நாளா நீ எடுத்த போட்டோவுலதான் எம்மகளத் தேடிக்கிட்டு இருந்தேனா?"

ஆமாம் என்றேன்.

"வா. வந்து ஸ்டேசன்ல இத இப்படியே சொல்லு. எம்பிள்ள எவன் பின்னாடியும் போகல, வேல செஞ்சுதான் செத்துச்சுன்னு சொல்லு. வண்டிய எடு."

சொன்னேன். இரண்டாவது விசாரணையில் மாடிப்படி போய், மிஷின் என்று எழுத வேண்டியதாயிற்று. காதல், கருமாதி எல்லாம் அடித்து நீக்கப்பட்டது. அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான், கிடைத்தது. மேனேஜருக்கு ஒரு மயிரும் ஆகவில்லை, வேறு மில்லுக்குப் போனார், அங்கேயும் மேனேஜர்தான். போட்டோ ஒட்டியதற்காக என்மேல் ஒரு கேஸ் போட்டார்கள், அது நியாயம். திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் எனக்கு எந்த மில் கேட்டும் திறக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் சர்ச் பூசையில் பார்த்தால் இன்றைக்கும் சமாதானம் சொல்ல என் பக்கம் திரும்ப மாட்டார்.

நாலு வருஷம் பள்ளிக்கூடங்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் சர்வீஸ் பார்த்தேன். இப்போது மெமரி தட்டுப்பாடு கிடையாது. எந்த டிரைவரும் எட்டு எம்.பி. என்று மறிப்பதில்லை. அறுபது கேமராவை ஒரே திரையில் விரிக்கலாம்.

போன மாதம் காலை பத்து மணிக்கு ஒரு போன். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புது மில். என்னைத் தெரியாதவர்கள். எவரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். செக்யூரிட்டிதான் பேசினார், பேர் சுருளிவேல் என்றார். பக்கத்தில் மிஷின் சத்தம் இரைந்தது.

"ஏனுங்க, நேத்துத்தான் இருவத்திநாலு கேமரா மாட்டிட்டுப் போனாங்க. இருவத்திநாலும் ஜோராத்தான் ஓடுதுங்க. ஆனா திரையில இருவத்தஞ்சு கட்டம் வருதுங்க."

சாப்ட்வேரில் ஏதாவது தப்பாக இருக்கும், கறுப்பாக ஒரு கட்டம் சும்மா வரும் என்றேன்.

"கறுப்பு இல்லீங்க. ஏதோ பஞ்சு ஹாலுங்க. நம்ம மில்லு இல்ல, நான் போயி எல்லா எடமும் பாத்துட்டேன். ஒரு புள்ள கேமராவயே பாத்துட்டு நிக்குதுங்க."

தனியாகவா என்று கேட்டேன்.

நாற்காலியைத் திரைப் பக்கம் இழுக்கிற சத்தம் கேட்டது.

"காலையில தனியாத்தானுங்க நின்னுச்சு," என்றார். "இப்ப பின்னாடி வரிசையா நிக்கறாங்க. எண்ணிட்டே இருக்கறனுங்க. வந்துட்டே இருக்கறாங்க."